சட்ட நூலகமும் தமிழ் மக்களும்

(நாகர்கோவிலில் ஆற்றப்பெற்ற பொழிவு)



சட்டத்தை அறியாமை குற்றத்திற்குச் சாக்காகாது என்பது வழக்குமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நெறி. ஏர்பிடிக்கும் உழவனும், வலைவீசும் பரதவனும், கயிறு திரிக்கும் பெண்ணும் நாட்டுச் சட்டம் முழுவதையும் அறிந்தவர் என்றே அரசு கொள்கின்றது. அங்ஙனம் கொள்ளும் அரசுக்கு அச்சட்டத்தை அவர் கண்ணெதிரே வைக்கும் கடனும் உண்டன்றோ? வழக்கறிஞர் சங்கங்களின் நூலகங்கள் பெரும்பாலும் உறுப்பினர்க்கே உரியன. எல்லார்க்கும் உரியது பொதுநூலகத்தின் சட்டப்பகுதி ஒன்றே.

அது பிறர் இட்ட கொடையும் அன்று. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. அதற்கு வித்திட்டவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த அரங்கநாதனார். நூல் பூட்டி வைத்தற்கு அன்று, பயன்படுத்தற்கே என்பதை நூலக அறிவியலின் முதல் நெறியாக 1931-இல் அவர் நாட்டினார். வீட்டுவரியோடு நூலகவரியும் சேர்ந்தே தண்டப்படுகிறது. எனவே மாவட்ட மைய நூலகத்தின் படியேறும் தமிழன் இரந்து நிற்கவில்லை. தன் பொருளைத் தானே கேட்கிறான்.

இனி, சட்ட நூல்களைப் பயன்கொள்ளும் முறையை நோக்குவோம்.

ஒன்று, இரவல். உறுப்பினராவோர் முகவரிச் சான்று காட்டிப் பிணைத்தொகையும் ஆண்டுக் கட்டணமும் செலுத்துவர். குறித்த நாளுக்குள் நூலைத் திருப்புவர். தவறின் ஒறுப்புக் கட்டணம் உண்டு. ஆனால் சட்டத் தொகுதிகளையும் தீர்ப்புத் திரட்டுகளையும் நூலகர் பொதுவாக வீட்டிற்குக் கொடுப்பதில்லை. அவை நோக்கீட்டு நூல்கள். இதனைக் கண்டு சினப்பது முறையன்று. தீர்ப்புத் திரட்டு என்பது ஆண்டாண்டாகத் தொடரும் சங்கிலி. ஒரு கண்ணி அற்றால் அந்த ஆண்டின் தீர்ப்பைத் தேடிவரும் அடுத்தவன் வெறுங்கையோடு திரும்புவான். இரவலுக்கு உரியவை எளிய விளக்க நூல்களும் பாடநூல்களும். நோக்கீட்டு நூலை அங்கேயே அமர்ந்து படித்துக் குறிப்பெடுத்தல் வேண்டும்.

இரண்டு, தேடுமுறை. தூயி என்பார் வகுத்த பதின்முறைப் பகுப்பில் 340 என்னும் எண் சட்டத்திற்கு உரியது. அவ்வெண்ணைத் தொடர்ந்து சென்றால் சட்ட நூல்களின் அடுக்கை எட்டலாம். அங்குத் தீர்ப்புகளைச் சுட்டும் குறியீடு பலரை மருட்டும். கேசவானந்த பாரதி வழக்கைக் கொள்வோம். ‘ஏ.ஐ.ஆர். 1973 எசு.சி. 1461’ என்று அது குறிக்கப்படும். முதற்கண் உள்ளது திரட்டின் பெயர்ச் சுருக்கம், அடுத்தது ஆண்டு, அதற்கடுத்தது உச்ச வழக்குமன்றத்தைக் குறிப்பது, இறுதி எண் பக்கம். பதின்மூன்று நடுவர் அமர்ந்து தீர்த்த பெருவழக்கையும் இந்த நான்கு உறுப்புகளைக் கொண்டு எவரும் கண்டெடுக்கலாம்.

மூன்று, நூலின் அகவை. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 சூலை 1 முதல் புதுச்சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களும் மாறிவிட்டன. அந்நாளுக்கு முன் அச்சான நூலை நம்பிப் புதுக் குற்றத்திற்குப் பழைய எண்ணைச் சொல்பவன் இடறுவான். ஆயினும் பழைய நூலைக் கழித்துவிடலும் ஆகாது. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே அளவுகோல்.

பழைய நூலின் அருமையை நாஞ்சில் நாட்டார் நன்கறிதல் வேண்டும். இம்மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் இங்கு நடந்தவை திருவிதாங்கூர்ச் சட்டங்கள். கவிமணி தம் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ நூலில் எள்ளி நகையாடிய தாயமுறையால் எத்துணைக் குடும்பங்கள் சிதைந்தன! அம்முறை பற்றிய நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் கொல்லம் 1101-ஆம் ஆண்டின் ஆறாம் சட்டம். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டக் கிறித்துவ ஆண்டு கிட்டும். ஆகவே அது 1925–26. பாட்டனின் நிலம் யாருக்கு என்னும் வினா இன்று எழுந்தாலும், அவர் மறைந்த ஆண்டில் எச்சட்டம் நடந்தது என்பதே முதற்கேள்வி. 1956-ஆம் ஆண்டின் இந்து மரபுரிமைச் சட்டமும் தன் மூன்றாம் பிரிவில் இவ்வேளாளர் சட்டத்தைப் பெயர் சொல்லிச் சுட்டுகிறது. புதுச்சட்டத்தைத் திறந்தவனைப் பழஞ்சட்டத்திற்கு அதுவே வழியனுப்புகிறது. அப்பழஞ்சட்டத்தின் படி நூலகத்தில் இல்லையேல் அவன் எங்கே போவான்?

நான்கு, படியெடுத்தல். வழக்குமன்றத் தீர்ப்பின் மூலத்தைப் படியெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே அதற்கு விலக்களித்துள்ளது. பதிப்பாளர் சேர்த்த தலைக்குறிப்பும் உரையும் வேறு, அவற்றிற்கு உரிமையுண்டு. 2023 முதல் உச்ச வழக்குமன்றம் தன் தீர்ப்புத் திரட்டைக் கட்டணமின்றி இணையத்தில் வைத்துள்ளது. கணிப்பொறி உள்ள நூலகத்தில் அதனையும் கேட்டுப் பெறலாம்.

அன்பர்களே, கதவு திறந்திருந்தாலும் உள்ளே ஒலிக்கும் மொழி விளங்காவிடில் பயனென்? மாயூரத்தில் நடுவராக இருந்த வேதநாயகனார் 1862-லேயே ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் நூலாக்கினார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் 1976-ஆம் ஆண்டின் திருத்தமும் கீழ் வழக்குமன்றங்களில் தமிழுக்கு இடம் வகுத்தன. உயர் வழக்குமன்றத்திலோ ஆங்கிலமே அரசோச்சுகிறது. அங்கும் தமிழ் வேண்டும் எனத் தமிழகச் சட்டமன்றம் 2006 திசம்பரில் ஒருமனதாகத் தீர்மானித்தது, ஒப்புதல் கிட்டவில்லை. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் வழக்குமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. இந்திக்கு இசைந்த அதே அரசமைப்பு உறுப்பு தமிழுக்கு மட்டும் இசையாதோ?

அந்த உரிமை வரும்வரை கைகட்டியிருத்தல் ஆகாது. நடுவண் அரசின் சட்டங்களுக்கு மாநில மொழிகளில் ஏற்புடைய மொழிபெயர்ப்பு வெளியிட 1973-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வழிசெய்துள்ளது. தமிழ்ப்படி உள்ளதா என்று நூலகரைக் கேளுங்கள். இல்லையெனில் வாங்கித் தருமாறு எழுதிக் கொடுங்கள். கேட்பாரற்ற தமிழ்நூல் வாங்கப்படுவதில்லை; வாங்கப்படாத நூல் மீண்டும் அச்சேறுவதில்லை. ஆங்கிலமே போதும் என்பார்க்கு அந்த வெற்று அடுக்கே சான்றாகிவிடும்.

ஒன்றனை மறத்தலாகாது. நூல் வழக்கறிஞர்க்கு ஈடன்று. மாவட்ட வழக்குமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் வழக்குமன்றத்தில் மேல்முறையிட 90 நாளும், கீழ் மன்றத் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட மன்றத்தில் மேல்முறையிட 30 நாளும் உரிமையியல் வழக்குகட்குக் காலவரம்பு. படித்துக்கொண்டே இருந்து நாளைத் தப்பவிட்டவனை எந்நூலும் எளிதில் காவாது. பெண்டிர், குழந்தைகள், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளர், காவலில் உள்ளோர், வருவாய் குறைந்தோர் ஆகியோர்க்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டத்தின்படி கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பர். மாவட்ட வழக்குமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுதல் வேண்டும். அங்ஙனம் உதவி உண்டென்று அறிவதற்கே பலர்க்கு ஒரு நூல் தேவைப்படுகிறது.

எனவே, ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரேனும் நூலக உறுப்பினர் ஆகுக! எழுத்தறிந்த இளைஞர் திங்களுக்கு ஒரு முறையேனும் எழுத்தறியாத முதியவரை உடனழைத்துச் சென்று, அவர் ஆவணத்திற்கு உரிய சட்டப் பிரிவைத் தமிழில் படித்துக் காட்டுக! தன்னை ஆளும் சட்டத்தைத் தன் மொழியில் படித்தவனை ஒருவரும் எளிதில் ஏய்த்தல் இயலாது.

வாழ்க தமிழ்! ஓங்குக தமிழர் உரிமை!