பானையில் ஒரு பிடி மா

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் கொழுந்து எடுத்து, கால் கழுவியதும் கழுவாததுமாக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதிக நேரம் பேச மாட்டேன். ஒரு மாப்பானையின் கதையை மட்டும் சொல்கிறேன்.

வேதாகமத்தில் எலியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். அது ஆகாப் அரசனின் காலம். மழையில்லாமல் நாடே காய்ந்து கிடக்கிறது. கடவுள் எலியாவை சாறிபாத் என்ற ஊருக்கு அனுப்புகிறார். இன்றைய லெபனான் கரையோரத்தில் இருந்த ஊர் அது. யார் வீட்டுக்கு அனுப்புகிறார்? பணக்காரர் வீட்டுக்கு இல்லைங்க, ஒரு விதவைத் தாயின் வீட்டுக்கு. அவள் எலியாவின் இனத்தவளும் அல்ல.

அவர் போகும்போது அந்தத் தாய் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் இருப்பது ஒரு பிடி மா, கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு மகனோடு தின்றுவிட்டுச் சாக வேண்டியதுதான் என்று இருக்கிறாள். எலியா முதலில் தனக்கொரு சின்ன ரொட்டி கேட்கிறார். மழை பெய்யும் நாள்வரை மா தீராது என்ற கடவுளின் வாக்கையும் சொல்கிறார். அவள் நம்பிக் கொடுத்தாள். மா தீரவில்லை, எண்ணெயும் வற்றவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பானை நிரம்பி வழிந்தது என்று கதையில் இல்லை. மூட்டை மூட்டையாக மா வந்து இறங்கவும் இல்லை. அன்றன்றைக்கு ரொட்டிக்கு இருந்தது, அவ்வளவுதான்.

2022 ஆம் ஆண்டை நம்மில் யார் மறப்போம்? நாள் சம்பளம் 1000 ரூபா. லீட்டர் 87 ரூபாவுக்கு இருந்த மண்ணெண்ணெய் ஆகஸ்ட் மாதம் ஒரேயடியாக 340 ரூபா ஆனது. கோதுமை மா விலை ஏறிக்கொண்டே போனது. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தை நிறுத்தியதால் கொழுந்தும் குறைந்தது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தானே!

அந்த நாட்களில் எங்கள் லயத்தில், அடுத்த காம்பராவில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு அக்கா இருந்தார். ஒரு நாள் அந்தியில் அவர் அடுப்பில் புகை வரவில்லை. அம்மா டின்னைத் திறந்து மாவை ஒரு கோப்பையில் அள்ளினார்.

"அம்மா, நாளைக்கு நமக்கே இல்லியே!" என்றேன்.

"நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம். அந்தப் புள்ளைங்களுக்கு இன்னைக்குல்ல பசிக்குது" என்றார்.

எங்கள் டின்னில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த அக்கா இரண்டு நாள் கழித்து மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தார். கீழ் லயத்திலிருந்து ஒரு பலாக்காய் வந்தது. டின் பலமுறை காலியானது. அம்மா அடகு வைத்த தோடு இன்றுவரை திரும்பி வரவில்லை. ஆனாலும் நாங்கள் பட்டினி கிடந்து சாகவில்லை. கடவுளின் உண்மை அந்த வருடம் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கைகளில்தான் வந்தது.

சாறிபாத்துத் தாயின் கதை அதோடு முடியவில்லை. பிறகு அவள் மகன் நோய்ப்பட்டு மூச்சும் நின்றுபோகிறது. அவள் எலியாவிடம் கோபமாகவே கேள்வி கேட்கிறாள். எலியா அவளைத் திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்குப் போய், அவரும் கடவுளிடம் முறையிடுகிறார். பிள்ளை பிழைக்கிறான். ஆகவே, துன்பத்தில் அழுது கேட்பதை நம்பிக்கைக் குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடவுளை நம்புவது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று அர்த்தமில்லை. ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். நியாயமான கூலியைக் கேட்பதும் அந்தக் கடவுளுக்கு ஏற்றதுதான்.

மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள், மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள். எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் டின் காலியானால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், பக்கத்தில் சொல்லுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் இஸ்தோப்பில் நின்று பாருங்கள். எந்தக் காம்பராவில் புகை வரவில்லையோ, அந்தக் கதவைத் தட்டுங்கள்.