கையெழுத்துப் போடும் முன்னே

நான் பத்தாவது வரை படிச்சவ. எங்க ஊராட்சிக் கூட்டமைப்பில் பொருளாளராக இருக்கிறேன்.

முதல்ல ஒரு பேங்க் கதை. கரூர் வியாபாரிகள் சேர்ந்து 1926-ல் லட்சுமி விலாஸ் பேங்க் ஆரம்பிச்சாங்க. 94 வருஷம் நடந்தது. கொடுத்த கடன் சரியா திரும்பி வரலை, வருஷா வருஷம் நஷ்டம். 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு 7 இயக்குநர்களை வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நவம்பரில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதுன்னு கட்டுப்பாடு வந்தது. அந்த மாசமே டிபிஎஸ் பேங்கோடு இணைச்சாங்க. டெபாசிட் தப்பிச்சது. பங்கு வாங்கினவங்க பணம் போச்சு. நிர்வாகத்திலும் பெரிய குறை இருந்ததுன்னு ரிசர்வ் வங்கியே சொன்னது.

நம்ம கூட்டமைப்புக்கு அந்த இயக்குநர்கள் யாரு? செயற்குழுவில் இருக்கிற நாமதான். வெங்காயப் பட்டறை போடுறவங்களுக்குத் தெரியும். அடியில அழுகினா மேலே பார்த்தா தெரியாது. நாத்தம் வரும்போது பாதி போயிருக்கும். கணக்கும் அப்படித்தான்.

பொறுப்புக்கு வந்த புதுசுல, பேங்குக்கு அலையணுமேன்னு தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு பைசா தப்பாகலை. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாடியும் சொன்னேன். இப்போ தீர்மானம் எழுதாமல் எங்க ஊரில் செக் எழுதுறதில்லை. மாசா மாசம் பாஸ்புக்கை சத்தமா வாசிக்கிறோம்.

போன வருஷம் என் ஓரகத்தி குழு புதுக்கடன் கேட்டது. பழைய கடனில் மூணு தவணை பாக்கி. "நம்ம வீட்டு ஆளு, நீ சொன்னா நடக்கும்"னு வீட்டில் எல்லாரும் சொன்னாங்க. நான் பாக்கிக் கணக்கை மேஜைமேல வச்சேன். "இதில் எனக்குச் சொந்தம் இருக்கு, நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்னேன். பாக்கியைக் கட்டின பிறகு பார்க்கலாம்னு குழு முடிவு பண்ணிச்சு.

அவ என்கிட்ட பேச்சை நிறுத்திட்டா. இந்தப் பொங்கலுக்கு ஒரே வாசலில்தான் பானை வச்சோம். பால் பொங்கினப்ப கூட என் முகத்தைப் பார்க்கலை. மனசு வலிக்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா நாளைக்கு அவ பாக்கியைக் கட்டிட்டு வந்து கேட்கும்போது, பணம் இல்லைன்னு நான் கையை விரிச்சா அது இதைவிடப் பெரிய துரோகம். அவ குழு கட்டின சந்தாவும் அந்தக் கணக்கில்தான் இருக்கு. அதுக்கும் சேர்த்துத்தான் நான் காவல்.

பதவியில் இருக்கிற அக்காக்களே, தெரியாததைக் கேளுங்க. கேட்கிறது அவமானம் இல்லை. படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. உறுப்பினர்களே, எங்களைக் கேள்வி கேளுங்க. நாங்க கோவிச்சுக்கக் கூடாது.