பாட்டன் சொன்னதும் பதிவேடு சொல்வதும்



1603ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஸ்காட்லாந்து அரசு ஒரு குலத்தின் பெயரையே தடை செய்தது. மெக்ரிகர் என்ற பெயரை இனி எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது. மீறினால் மரண தண்டனை. இரண்டு மாதம் முன்பு கிளென் ஃபுரூயின் பள்ளத்தாக்கில் கஹூன் குலத்தாரை மெக்ரிகர்கள் வெட்டிச் சாய்த்ததற்கு இந்தத் தண்டனை. 1661இல் தடை நீங்கியது, 1693இல் மறுபடி வந்தது, 1774இல்தான் அடியோடு ஒழிந்தது. நடுவில் அந்த வீட்டுப் பிள்ளைகள் மர்ரே, டிரம்மண்ட், கிராண்ட் என்று கிடைத்த பெயரைப் போட்டுக்கொண்டார்கள். கதைகளில் புகழ்பெற்ற ராப் ராயே கேம்பெல் என்ற பெயரில் உலவியவர்தான்.

இன்று கனடாவிலோ நியூசிலாந்திலோ இருக்கும் ஒரு டிரம்மண்ட் குடும்பம், "நாங்கள் உண்மையில் மெக்ரிகர்கள், தாத்தா சொன்னார்" என்கிறது. இருக்கலாம். டிரம்மண்டுகள் டிரம்மண்டுகளாகவே இருந்திருக்கவும் கூடும். எப்படிக் கண்டுபிடிப்பது?

பலர் செய்யும் தப்பு, குலத்தலைவரின் வம்சாவளியைக் கையில் வைத்துக்கொண்டு அதில் எந்தக் கிளையில் தங்களை ஒட்டலாம் என்று தேடுவது. தேடினால் ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்துவிடும். ஏதாவது ஒரு ஜான், ஏதாவது ஒரு டங்கன் அங்கே காத்திருப்பான். ஆகவே உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள்.

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அந்த முதல் ஆண்டுப் பதிவுகள் ஒரு புதையல். குழந்தை பிறந்தது என்பதோடு நிற்கவில்லை. அப்பா அம்மாவின் வயது, அவர்கள் பிறந்த ஊர், எங்கே எப்போது மணந்தார்கள், இருக்கும் பிள்ளைகள் எத்தனை, இறந்தவை எத்தனை, எல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுதி மாளாமல் பதிவாளர்கள் அலுத்துக்கொள்ள, அடுத்த ஆண்டே பத்திகளைக் குறைத்துவிட்டார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது 1855இல் பிறந்திருந்தாலோ இறந்திருந்தாலோ யோகம்தான். இன்னொரு வசதி, ஸ்காட்லாந்துப் பதிவுகளில் மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். தாய்வழி தொலைந்துபோவதில்லை.

அதற்கு முன்னால் போனால் தேவாலயப் பேரேடுகள்தான். பெர்த்ஷயரின் எரல் ஊரில் 1553லேயே தொடங்கிவிட்டார்கள். மலைநாட்டிலோ பல ஊர்களில் 1700களின் பிற்பாதியில்தான் பேரேடே வருகிறது. வந்த பிறகும் ஓட்டைகள். 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி போட்டார்கள். அந்த வரி இருந்த பதினோரு ஆண்டுகளில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் பேரேட்டில் எழுதாமலே விட்டவர்கள் நிறையப் பேர். இந்த ஓட்டையில்தான் கதைகள் புகுந்துகொள்கின்றன. "கலோடன் போரில் தோற்று, தலைமறைவாகிக் கப்பலேறினார்" என்பது எத்தனையோ வீடுகளில் கேட்கிற கதை. கலோடன் நடந்தது 1746இல். அந்த மூதாதையின் பிள்ளைகள் 1790களில் பிறந்திருந்தால் கணக்கு உதைக்கிறது, இல்லையா?

அச்சிட்ட புத்தகமாயிற்றே என்று நம்புகிறவர்களும் உண்டு. 1842இல் வெஸ்டியேரியம் ஸ்கோட்டிகம் என்று ஒரு பெரிய நூல் வந்தது. ஒவ்வொரு குலத்துக்கும் இன்ன கட்டத்துணி என்று பழஞ்சுவடியிலிருந்து எடுத்ததாகச் சொன்னார்கள். வெளியிட்ட இரு சகோதரர்கள் தங்களை இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட்டின் பேரன்கள் என்றே சொல்லிக்கொண்டவர்கள். வால்டர் ஸ்காட் 1829லேயே சந்தேகப்பட்டார். ஆதிச் சுவடி என்று அவர்கள் சொன்னதை வெளியார் எவரும் பார்க்கவில்லை. சுவடியும் பொய், பேரன் உறவும் பொய். ஆனால் அந்த நூலில் இருந்த கட்டங்களைத்தான் இன்றும் பலர் பெருமையோடு உடுத்துகிறார்கள்!

இன்னும் பழைய வம்சாவளிகளுக்கு வேறு நோக்கம். தலைவர் வீட்டுப் புலவர்கள் எழுதியவை அவை. நிலவுரிமைக்கும் சபை மரியாதைக்கும் பழம்பெருமை தேவைப்பட்டது. அதனால் கேம்பெல்கள் ஆர்தர் அரசர் வரை போனார்கள், மெக்ரிகர்கள் ஆல்பின் அரசர் வரை போனார்கள். அதைப் பொய் என்று சீறுவதைவிட, எழுதிய காலத்தில் அவர்கள் யாரோடு போட்டியிட்டார்கள் என்பதற்குச் சாட்சியாகப் படிப்பது எனக்குப் பிடிக்கும்.

குலப்பெயர் இருந்தால் இரத்த உறவு என்பதும் நிச்சயமில்லை. குடியானவர்கள் நிலக்காரரின் பெயரை எடுத்துக்கொள்வது அங்கே சகஜம். லோவாட் ஃபிரேசர் தலைவர் தம் பெயரை ஏற்றவர்களுக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு கொடுத்தார் என்றும், அவர்களை 'மாவு மூட்டை ஃபிரேசர்கள்' என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள் என்றும் மலைநாட்டில் சொல்வார்கள். இதுவும் கதைதான். ஆனால் தலைவரே நம் பாட்டன் என்று சொல்வதைவிட இதை நம்ப எனக்குத் தயக்கமில்லை.

மரபணுச் சோதனை வந்தபின் சில விஷயம் தெளிந்திருக்கிறது. மெக்டொனால்டு குலத்தின் மூலவர், 1164இல் இறந்த சோமர்லெட், அயர்லாந்து அரச வழி என்பது மரபு. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரயன் சைக்ஸ் அந்தக் குலத் தலைவர்களைச் சோதித்தபோது, தந்தைவழிக் குரோமோசோம் நார்வேக்காரர்களிடம் மிகுந்து காணப்படும் வகையாக இருந்தது. தலைவர்களுக்குள் உறவு பொருந்தியது, அயர்லாந்துதான் பொருந்தவில்லை.

அந்தச் சோதனை அப்பாவின் அப்பாவின் அப்பா என்ற ஒற்றை வழியைத்தான் காட்டும். பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூதாதையர். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் அது பேசும். மற்றவர்களுக்குப் பழையபடி எடின்பரோ ஆவணக் காப்பகத்தின் பேரேடுகளைத்தான் புரட்ட வேண்டும்.