ஓட்டுக்கேற்ற ஸ்தானம் வேண்டும்!

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு வீடு திரும்புகிறோம். அந்த ஓட்டு பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டதுண்டா? இன்று அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு மில்லில் பத்துப் பிரிவுகள். பிரிவுக்கு 100 தொழிலாளர்கள். கமிட்டிக்குப் பிரிவுக்கு ஒருவர். மூன்று சங்கங்கள் போட்டியிடுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் முதல் சங்கத்துக்கு 40 ஓட்டு, மற்ற இரண்டுக்கும் முப்பது முப்பது. முடிவென்ன? பத்து ஸ்தானமும் முதல் சங்கத்துக்கே! ஆயிரம் பேரில் 600 பேருக்காகப் பேச ஆளில்லை. நாலு, மூன்று, மூன்று என்று பங்கிட்டால் அது நியாயம். இதற்குப் பெயர்தான் விகிதாசாரப் பிரதிநிதித்துவம்.

நாட்டின் கணக்கும் இதுதான். 1952-ல் காங்கிரசுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 45 ஓட்டு. பார்லிமெண்டில் 489-ல் 364 ஸ்தானம். 2014-ல் பா.ஜ.க.வுக்கு நூற்றுக்கு 31 ஓட்டு. 543-ல் 282 ஸ்தானம். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அண்ணா தி.மு.க. 39-ல் 37-ஐ அள்ளியது. நூற்றுக்கு 24 ஓட்டுக்குக் கிட்ட வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை!

"இது தோற்றவன் புலம்பல்" என்பார்கள். கேரளத்தைப் பாருங்கள். 1957-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு நூற்றுக்கு 35 ஓட்டு. 126-ல் 60 ஸ்தானம். சுயேச்சைகள் ஆதரவோடு மந்திரிசபை அமைந்தது. குடியானவனை நிலத்திலிருந்து விரட்டத் தடை வந்தது. 1959 ஜூலையில் அந்த மந்திரிசபையைக் கலைத்தார்கள். 1960-ல் காங்கிரசும் பிரஜா சோஷலிஸ்டும் முஸ்லிம் லீகும் கைகோத்து நின்றன. நம் ஓட்டு நூற்றுக்கு 39 ஆக உயர்ந்தது. ஸ்தானமோ 29 ஆகச் சரிந்தது!

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். 1957-ல் காங்கிரசுக்கு நம்மைவிட அதிக ஓட்டு. கிடைத்ததோ 43 ஸ்தானம். அன்று இந்த முறை நமக்கு அனுகூலம் செய்தது. லாபம் வந்தால் நியாயம், நஷ்டம் வந்தால் அநியாயம் என்று பேசுவது தொழிலாளி வர்க்கத்துக்கு அழகல்ல. ஆகவேதான் நாம் கேட்பது சலுகையல்ல, சரியான அளவுகோல்.

கூலி விவசாயி ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறான். பெரும்பாலான தொகுதிகளில் அவன் சிறுபான்மை. அங்கே ஜெயிப்பது பணப்பையும் பெரிய ஜாதிக் கணக்கும். சிதறிய ஓட்டுகளை ஒன்றாகக் கூட்டினால் அவனும் ஒரு சக்தி.

இதற்குத் தடை சொல்வோர் உண்டு. 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கரே இரண்டு தடைகள் சொன்னார்: எழுத்தறிவு குறைவு, சர்க்கார் நிலைக்காது. மதித்துக் கேட்க வேண்டிய வாதங்கள். ஆனால் கட்சிப் பட்டியல் முறையில் சின்னத்தைப் பார்த்து ஒரு ஓட்டுப் போட்டால் போதும். ஜெர்மனியில் 1949 முதல் இம்முறை நடக்கிறது. நூற்றுக்கு 5 ஓட்டு என்ற வரம்பு சில்லறைக் கட்சிகளைத் தடுக்கிறது. நியூசிலாந்து மக்கள் 1993-ல் ஓட்டெடுப்பு நடத்தியே பழைய முறையைக் கைவிட்டார்கள். நம் ராஜ்ய சபைக்கும் ஜனாதிபதிக்கும் தேர்தல் விகிதாசார முறையில்தான்! எம்.எல்.ஏ.வுக்கு ஆகும் முறை ஏழைக்கு மட்டும் ஆகாதா?

ஒரு அபாயம் உண்டு. பட்டியலைத் தலைவர்கள் அறைக்குள் எழுதினால், அங்கும் பணம் நுழையும். ஆகவே பட்டியலை அங்கத்தினர்கள் தீர்மானிக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அதில் உரிய இடம் சட்டப்படி வேண்டும்.

பார்லிமெண்டில் ஒரு பகுதி ஸ்தானங்களையாவது பட்டியல் முறையில் நிரப்பலாம் என்று சட்டக் கமிஷனே 1999-ல் சிபாரிசு செய்தது. சிபாரிசு ஏட்டில் கிடக்கிறது. ஏட்டில் கிடப்பதை எழுப்புவது மக்கள் குரல்தான்.

மில் வாசலில் பேசுங்கள், களத்துமேட்டில் பேசுங்கள். எட்டு மணி வேலையும் கூலி உயர்வும் கேட்காமல் வந்தவையல்ல. உழைப்பவன் ஓட்டுக்கு முழு மதிப்பும் கேட்டுத்தான் வரும். கேட்போம், தோழர்களே!