முதியோரும் சிறுநீரகத் திசுப் பரிசோதனையும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறுநீரகத்திலிருந்து சிறிது சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் கூறியவுடன், "புற்றுநோயாக இருக்குமோ?" என்று குடும்பத்தார் அஞ்சுகின்றனர். அடுத்து, "வாப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டதே, இனி எதற்கு இந்த ஊசி?" என்கின்றனர். முதல் அச்சத்தை உடனே களையலாம். சிறுநீரக வடிகட்டிகளில் நேர்ந்துள்ள பழுது எத்தகையது என்று அறியவே பெரும்பாலும் இந்த பயாப்ஸி செய்யப்படுகிறது. இரண்டாவது கேள்விக்கே சற்று விரிவாக விடை கூற வேண்டியுள்ளது.

முதுமையில் சிறுநீரகம் கெட்டால் சர்க்கரை, இரத்த அழுத்தம், வயது ஆகிய மூன்றில் ஒன்றின் மீது பழியைப் போட்டுவிடுகிறோம். பல வேளைகளில் அது சரியே. ஆனால் சர்க்கரை நோய் சிறுநீரகத்தை ஆண்டுக்கணக்கில் அரிக்கும், வாரக்கணக்கில் அன்று. சில வாரங்களில் கிரியேட்டினின் ஏறி, சிறுநீரில் இரத்தமும் புரதமும் வெளியேறினால் வேறு நோயைத் தேட வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றலே சிறு இரத்தக் குழாய்களைத் தாக்கும் 'ஆன்கா' வாஸ்குலைடிஸ் முதியோரிடத்திலேயே மிகுதி. காலும் முகமும் வீங்கி வருவோரிடம் மெம்ப்ரேனஸ் நோயோ அமிலாய்டு படிவோ இருக்கக்கூடும். ஒன்றில் உயிர்காக்கும் ஸ்டீராய்டு, மற்றொன்றில் பயனின்றித் தொற்றுக்கு வழிவகுக்கும்.

நம்மிடம் வந்த 72 வயதுப் பெரியவர் ஒருவரின் கிரியேட்டினின் ஒரே மாதத்தில் 1.2-இலிருந்து 4.6 ஆகியிருந்தது. பிள்ளைகள் கலந்து பேசிச் சம்மதம் தெரிவிக்கப் பதினாறு நாள்கள் சென்றன. அதற்குள் டயாலிசிஸ் தொடங்க நேர்ந்தது. பிறகு எடுத்த திசுவில் வடிகட்டிகளுள் பெரும்பாலானவை தழும்பேறியிருந்தன. மருந்து கொடுத்தும் டயாலிசிஸை நிறுத்த இயலவில்லை. பிள்ளைகளைக் குறை கூறமாட்டோம். முதல் நாளே அவர்களுக்குப் புரியும்படி எடுத்துரைக்காத குறை நம்முடையதே.

தோல் வழியே ஊசி செலுத்தும் இம்முறையை 1951-இல் கோபன்ஹேகன் மருத்துவர்கள் ஐவர்சனும் புரூனும் வெளியிட்டனர். அன்று நோயாளியை உட்காரவைத்து எடுத்தனர். இன்று குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக மருந்திட்டு, ஸ்கேனில் பார்த்தவாறே நூலிழை போன்ற இரண்டு துண்டுகள் எடுக்கப்படுகின்றன. பின்னர் மல்லாந்து சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நூற்றுவரில் ஏறத்தாழ நால்வருக்குச் சிறுநீர் சிவந்து போகலாம். பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஒருவர் அல்லது இருவருக்கு இரத்தம் ஏற்ற நேரிடலாம். வயது மட்டுமே தடையன்று. கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமும் இரத்தம் உறையாத குறைபாடும் தடைகளாம்.

எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. இரு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டால் திசு எடுத்தும் பயனில்லை. மெம்ப்ரேனஸ் நோயைச் சிலருக்கு இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைக் கொண்டே அறியலாம். அவ்வெதிர்ப்பொருள் கண்டறியப்பட்டது 2009-இல்.

ஆகவே மருத்துவரிடம் செல்கையில் பழைய கிரியேட்டினின் முடிவுகளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். ஏற்றத்தின் வேகத்தை அவையே காட்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகள் உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே கூறுங்கள். இதய நோயாளிகள் அவற்றைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.