எலும்புக்கும் வேலை குடுங்கோ
(பொயிண்ட் குக் சுகாதாரச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"விசா முடிவு வரட்டும், பிறகு உடம்பைப் பாப்பம்" எண்டு இருக்கிறீங்களோ? எலும்பு அதுவரை காத்திருக்காது. நடக்கும்போது உடற்பாரம் எலும்பில் இறங்கும். அதனால்தான் எலும்பு உறுதியாகிறது. நாள் முழுக்கக் கதிரையில் இருந்தால் அது பலம் இழக்கும். 30 வயதுக்குப் பிறகு இருக்கிற பலத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை.

கிழமையில் 5 நாள், 30 நிமிடம் விறுவிறுப்பாக நடவுங்கோ. படி ஏறுங்கோ. இரண்டு நாள் அரிசிப் பையையாவது தூக்கி இறக்குங்கோ. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லது; எலும்புக்கு அது மட்டும் போதாது. பொயிண்ட் குக் கரையோரப் பூங்காவில் நடக்கக் காசு தேவையில்லை.

மெல்பேர்ண் குளிர்காலத்தில் வெயில் பலம் குறைவு. எங்கட நிறத் தோலுக்கு வைட்டமின் டி உண்டாகக் கூடுதல் வெயில் வேணும். ஆகவே மே முதல் ஓகஸ்ட் வரை மத்தியானத்தில் நடவுங்கோ. எலும்பு நோவு இருந்தால் வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கோ.

பழைய செல் காயம், முறிவு உள்ளவர்கள் முதலில் வைத்தியரோடு கதையுங்கோ. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டால் 131 450 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நடந்தால் நித்திரையும் வரும், மனப்பாரமும் குறையும். தனியே இருக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.