ஒரே 12,000 ரூபாய், இரண்டு வாசல்

நன்றாகப் படித்து பிளஸ் டூ தேறிய பிள்ளைக்கு மத்திய அரசு கொடுக்கும் கல்லூரி உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய். 2008இல் தொடங்கிய திட்டம். அப்போது 10,000 ரூபாய். பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுக்கு இந்த 12,000. முதுகலைக்குப் போனால் 20,000. பொறியியல் மாணவருக்கு நான்காம் ஆண்டிலேயே அது கிடைத்துவிடும்.

இத்தனை மதிப்பெண் எடுத்தால் போதும் என்ற கணக்கு இதில் கிடையாது. ஒரு கல்வி வாரியத்தில் தேறியவர்களை வரிசையாக நிறுத்தினால் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வர வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. அப்படி வந்தாலும் நாடு முழுவதற்கும் ஆண்டுக்குப் புதிதாக 82,000 பேர்தான். அதில் பாதி பெண்கள்.

எங்கள் ஒரகடம் வட்டாரத்தில் இந்தத் தொகை எவ்வளவு தாங்கும்? இருங்காட்டுக்கோட்டையில் கார், சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசி என்று ஆலைகள் நிறைந்த வட்டாரம் இது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதியே 2024இல் திறந்தாயிற்று. பிளஸ் டூ முடித்த பெண்ணைத் தேடி கம்பெனி பஸ் ஊருக்குள் வருகிறது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் கம்பெனிச் சம்பளத்தோடு போட்டி போடாது. பஸ் செலவையும் பரீட்சைக் கட்டணத்தையும் தாங்கும், அவ்வளவுதான். ஷிப்டுக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் படிக்கலாம் என்றால், அதற்கு இந்தத் தொகை இல்லை. டிப்ளமோவுக்கும் இல்லை. டிப்ளமோக்காரர்களை நம்பி ஓடும் ஒரகடத்தில் இது கொஞ்சம் வேடிக்கைதான்.

மாநில அரசின் வாசல் வேறு. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000, ஆண்டுக்குக் கூட்டினால் அதே 12,000! இங்கே மதிப்பெண்ணைக் கேட்பதில்லை, பள்ளியைக் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் இதில் உண்டு.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவரை மத்தியத் திட்டம் ஏற்பதில்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவருக்குக் கட்டணத்தை மாநில அரசே கட்டிவிடுகிறது. அவர் மத்தியத் தொகையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அப்படியானால் அது யாருக்கு? பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கு. ஒன்பதாம் வகுப்பில்தான் இங்கே அரசுப் பள்ளியில் சேர்ந்தாள் என்றால் மாநில வாசல் அவளுக்குத் திறக்காது. கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் படிக்கவைத்த வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதை. இவர்கள் கையில் இருப்பது மதிப்பெண் ஒன்றுதான்.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில். பணம் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு நேரே வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். விண்ணப்பத்தை முதலில் சரிபார்ப்பது கல்லூரி அலுவலகம். அங்கே அசையாவிட்டால் வேறெங்கும் அசையாது.